யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பஸ் உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். திருச்சியிலிருந்து அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று நாளுக்கு யாழ்ப்பாணம் வருகிறீர்கள். சிங்கப்பூரில் மேல்தட்டு திறந்த சுற்றுலா பஸ்ஸில் ஒரே ரிக்கற்றை வைத்துக்கொண்டு, பிடித்த இடத்தில் இறங்கி, அலுத்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி ஊரைப் பார்த்தீர்கள். அதே மாதிரி இங்கே உண்டா, இல்லையென்றால் அதற்குப் பதிலாக எது என்பது கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி, மகன் மேல்தட்டில்தான் இருப்பேன் என்று இப்போதே அடம் பிடிக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் ஓடுவது போல, சில நிமிடங்களுக்கு ஒன்றாக வளையம் வரும் சுற்றுலா பஸ் யாழ்ப்பாணத்தில் இல்லை. அதை எண்ணித் திட்டம் போட வேண்டாம். ஆனால் அந்த பஸ் உங்களுக்குத் தந்த வசதியில் பெரும்பகுதியை இங்கேயும் பெறலாம். அது ஒரே வண்டியில் கிடைக்காது. நகரத்துக்கு ஒன்று, வடக்குப் பக்கத்துக்கு ஒன்று, தீவுகளுக்கு ஒன்று என்று வண்டி மாறும். எந்த இடத்துக்கு எதில் போவது என்பதில்தான் வருகிறவர்கள் பிழை விடுகிறார்கள். நான் பருத்தித்துறை வழியில் ஆறு வருடம் மினிபஸ் நடத்துநராக நின்றவன். போர் முடிந்து ஏ-9 பாதை வழியாக வெளியூர்ச் சனம் வரத் தொடங்கிய காலத்திலிருந்து, வான் வைத்து வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிறேன். கீழே எழுதுவது அந்த அனுபவத்திலிருந்து. பஸ் கட்டணமும் படகு நேரமும் அடிக்கடி மாறுவதால் அவற்றை எண்ணாக எழுதப் போவதில்லை. வந்த அன்றே கேட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

முதலில் அந்த பஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் யோசிப்போம். மேல்தட்டு, காதில் போடும் ஒலிபெருக்கி, வண்ணப் பூச்சு எல்லாம் மேலதிகம். அதன் உயிர், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதில் இருக்கிறது. அடுத்த பஸ் இருபது நிமிடத்தில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனிதன் துணிந்து இறங்குவான். இப்போது எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரம், கந்தரோடை, கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, நிலாவரை, திரும்ப நகரம் என்று ஒரு வளையம் போட்டால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வரும். நின்று நின்று ஓடினால் மூன்று மணித்தியாலம். அரை மணிக்கு ஒன்று வேண்டுமென்றால் ஆறு பஸ் ஒரே நேரத்தில் ஓட்டத்தில் இருக்க வேண்டும். பழுதுக்கு மாற்றாக இன்னும் ஒன்றிரண்டு. கார்த்திகை மழையில் அந்த ஆறையும் நிரப்ப இங்கே பயணிகள் இல்லை. சரி, ஒரே ஒரு பஸ்ஸை விடலாமே என்றால், கீரிமலையில் இறங்கியவர் அது திரும்பி வரும்வரை மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டும். ஆகவே யாரும் இறங்க மாட்டார்கள். எல்லாரும் ஒன்றாக இறங்கி, எல்லாரும் ஒன்றாக ஏறுவார்கள். அப்புறம் அது வெறும் சுற்றுலா பஸ்.

இன்னொரு காரணம் எங்கள் வீதிகளின் அமைப்பு. பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி, தீவுப்பக்கம் போகும் பண்ணைப் பாலம் எல்லாமே நகர நடுவிலிருந்து விரித்த விரல்கள் மாதிரிப் போகின்றன. சைக்கிள் சில்லில் கம்பிகள் இருக்கின்றன, விளிம்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து கீரிமலைக்குப் போவது சுகம். நகரத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போவதும் சுகம். கீரிமலையிலிருந்து கரையோரமாகவே பருத்தித்துறைக்கு பஸ்ஸில் போக நினைத்தால்தான் கஷ்டம். பலாலியைச் சுற்றிய நிலம் நீண்ட காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்து படிப்படியாகத்தான் திறக்கப்பட்டது. அந்தக் கரைப்பாதையில் பஸ் ஓட்டம் அறுந்து போனதற்கு அது பெரிய காரணம். வரைபடத்தில் இரண்டு இடமும் பக்கத்தில் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்குப் பெரும்பாலும் நகரத்துக்குத் திரும்பி வந்து மறு விரலைப் பிடிப்பதே வழி.

நகரத்தைப் பற்றிச் சொன்னால், அங்கே உங்களுக்கு பஸ்ஸே தேவையில்லை. கோட்டை, பொது நூலகம், அதன் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையம், மணிக்கூட்டுக் கோபுரம், பஸ் நிலையம், சந்தை எல்லாம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர். நல்லூரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், பழைய யாழ்ப்பாண அரசோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, ப வடிவத்தில் வெட்டிய யமுனா ஏரி. நிலம் தட்டை. நடக்க முடிந்தவருக்கும் சைக்கிள் ஓடுகிறவருக்கும் இதைவிட இலகுவான ஊர் கிடையாது. விடுதிகள் சிலவற்றில் சைக்கிளும் வாடகைக்குத் தருவார்கள். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஓட்டோதான் சரி. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஓட்டோ பிடியுங்கள். முழு நாளுக்கும் ஒன்றை மறித்து வைத்திருந்தால், வெளியே ஒருவர் காத்து நிற்கிறார் என்ற நினைவு உள்ளே உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும். நகரத்துக்குள் எந்தச் சந்தியிலும் ஓட்டோ நிற்கும், கைபேசிச் செயலியிலும் கூப்பிடலாம். ஏறுமுன் காசு பேசிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஓட்டோ.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வான் தொழிலைத் தொடங்கிய புதிதில் நான் எல்லாரையும் போல ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒரே நாளில் ஏழு இடம். ஒருமுறை கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகனும் மருமகளும் பட்டியலைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள், கூட வந்த வயதான தாயார் ஒன்றும் பேசவில்லை. பொது நூலகத்துக்கு நான் ஒதுக்கியது இருபத்தைந்து நிமிடம். அந்த அம்மா சரஸ்வதி சிலைக்கு எதிரே நின்றவர் அசையவே இல்லை. கீரிமலைக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தரம் கூப்பிட்டேன். வந்து ஏறிவிட்டார். பின்னேரம் திரும்பி வரும்போது, எதையோ பேசுவது போல, "தம்பி, நான் பள்ளிக்கூடம் படிக்கேக்குள்ள இருந்த மேசை எந்தப் பக்கம் எண்டு நினைச்சுப் பாக்கத்தான் வந்தனான். நினைவு வாறதுக்குள்ள நீங்கள் கூப்பிட்டிட்டியள்" என்றார். மறுநாள் காலை அவர்களுக்குக் கொழும்புப் பயணம். திரும்பக் கூட்டிப் போக எனக்கு வழி இருக்கவில்லை. ஒரு இடத்தில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஏறி இறங்கும் பஸ்ஸை உங்களுக்குப் பிடித்திருந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே உங்களை யாரும் கூப்பிடவில்லை.

அந்த நூலகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1933-இல் க. மு. செல்லப்பா என்பவர் தொடக்கிய சிறு வாசிகசாலை முயற்சியிலிருந்து வளர்ந்தது அது. இந்தோ-சரசனிக் பாணிக் கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1959-இல் திறந்தார்கள். 1981 மே 31-ஆம் திகதி இரவு தொடங்கி எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. நீங்கள் பார்க்கப் போவது திருத்திக் கட்டி, 2000-களின் தொடக்கத்தில் மீண்டும் திறந்த கட்டடம். அது இன்றும் பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். காலையிலேயே வாசலில் கேட்டுக்கொண்டு அதற்கேற்பக் கோட்டையை முன்னோ பின்னோ வையுங்கள். மகனை உள்ளே மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.

இனி வெளியூர் இடங்கள். சாதாரண பஸ்ஸில் போகலாமா என்று கேட்டால், தெம்புள்ளவர் கட்டாயம் ஒரு தரமாவது போக வேண்டும் என்பேன். சிவப்பு நிறத்தில் வருவது இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், மற்றவை தனியார் மினிபஸ். பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாகப் போவது 750-ஆம் இலக்க பஸ், நயினாதீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போவது 776-ஆம் இலக்கம். பெயர்ப் பலகையைவிட நடத்துநரின் குரலை நம்புங்கள், அவர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே இருப்பார். தரிப்பிடம் இல்லாத இடத்திலும் கை காட்டினால் பெரும்பாலும் நிற்கும். இறங்க வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே "அண்ணை, சந்தியில் இறக்கம்" என்று சொன்னால் போதும். ஒரு விதத்தில் எங்கள் பஸ் எல்லாமே ஏறி இறங்கும் பஸ்தான். ஒரே ரிக்கற் மட்டும் இல்லை, ஏறும் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும், அது சின்னக் காசு. நடத்துநராக நின்ற காலத்தில் வெளியூர்க்காரர் ஏறினால், பக்கத்தில் இருக்கிற ஆச்சி ஒருத்தி ஐந்து நிமிடத்தில் அவர்களுடைய ஊர், பேர், எத்தனை பிள்ளைகள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார். பதிலுக்கு வழியில் வரும் கோயில் ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டு வருவார். காதில் போடும் ஒலிபெருக்கி சொல்லாத கதைகள் அவை.

ஆனால் மூன்று குறை உண்டு. படி உயரம், கூட்டம் இருந்தால் அம்மா நின்றுகொண்டே வர நேரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளால் பஸ் நிறைந்துவிடும். எல்லாவற்றையும்விட, பொழுது சாய்ந்ததும் பஸ் குறைந்துகொண்டே போகும். சிறிய வழித்தடங்களில் கடைசி பஸ் நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே போய்விடும். ஆகவே எங்கே இறங்கினாலும், இறங்கும்போதே "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று அதே நடத்துநரிடம் கேளுங்கள். என் யோசனை, மகனுக்காக ஒரு பயணத்தை மட்டும் பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், காலை பத்து மணியளவில் பருத்தித்துறைக்கு. பள்ளி நேரமும் அலுவலக நேரமும் கழிந்திருக்கும், இருக்கை கிடைக்கும். அங்கே வெளிச்சவீட்டையும், வீதிக்குக் குறுக்கே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடத்தையும் பாருங்கள். வெயிலில் வந்தவர் இளைப்பாற வழியிலேயே மண்டபம் கட்டி வைத்த காலத்து மனசு அந்தக் கல்லில் தெரியும். எனக்கு இந்தக் குடாநாட்டிலேயே மிகவும் பிடித்த கட்டடம் அதுதான், கோட்டையைவிடவும். பருத்தித்துறைத் தட்டை வடை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

கீரிமலைக் கேணி, நிலாவரைக் கிணறு, கந்தரோடைத் தூபிகள் மூன்றையும் ஒரு வானில் அரை நாளில் பார்க்கலாம். இங்கே ஒரு தொழில் ரகசியம். வான்காரரிடம் எத்தனை இடம் என்று பேசாதீர்கள், எத்தனை மணித்தியாலம் என்று பேசுங்கள். இடக்கணக்கில் பேசினால் சீக்கிரம் முடிப்பது அவருக்கு லாபம். மணிக்கணக்கில் பேசினால் நீங்கள் கேணிக்கரையில் ஒரு மணித்தியாலம் காலை நனைத்துக்கொண்டு இருந்தாலும் அவருக்கு நட்டமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தால் காங்கேசன்துறையில்தான் இறங்குவீர்கள், கீரிமலை அதற்குப் பக்கத்தில்தான். விமானம் என்றால் பலாலி, அதுவும் வடக்கு முனைதான். வந்த களைப்போடு பார்க்கச் சொல்ல மாட்டேன். திரும்பிப் போகும் நாளில் நேரம் இருந்தால் அப்போது வைத்துக்கொண்டால் ஒரு போக்குவரவு மிச்சம்.

இந்த இடங்களில் நீங்கள் கேட்கப் போகும் கதைகளில் எது உறுதி, எது நம்பிக்கை என்று பிரித்துச் சொல்வது என் கடமை. கீரிமலையில் உறுதியானது கண்ணுக்கு முன்னே இருக்கிறது. கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு மதில்தான், ஆனால் கேணிக்குள் ஊறுவது நன்னீர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கேணி. பக்கத்தில், இலங்கையின் பழைய சிவன் கோயில்களான ஈச்சரங்கள் ஐந்தில் ஒன்றாகிய நகுலேச்சரம். கீரி முகம் மாறிய நகுல முனிவர் கதையும், குதிரை முகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி கதையும் தலபுராணம். மா, அதாவது குதிரை முகம், விட்ட இடம் மாவிட்டபுரம் என்பதும் அந்தக் கதையைச் சேர்ந்த பெயர் விளக்கமே. நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பார்கள், இராமர் அம்பு விட்டுத் தோண்டியது என்பார்கள், அதில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்றும் சொல்வார்கள். இவை கேட்க இனிமையானவை, வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதியானது என்னவென்றால், குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகை குகையாக ஆக்கும். அப்படியொரு குகையின் கூரை இடிந்த இடம்தான் நிலாவரை. உள்ளே மழைநீர் பாரம் குறைந்தது என்பதால் கடல்நீரின் மேலே மிதக்கிறது. அதனால்தான் மேலே குடிக்கலாம் போல இருக்கும் தண்ணீர் ஆழம் போகப் போக உப்பாகிறது. எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாவற்றின் கதையும் இதுதான். அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். மகனுக்கு இதை அந்தக் கிணற்றடியில் வைத்துச் சொல்லுங்கள்.

கந்தரோடை இன்னும் கவனமாகப் பேச வேண்டிய இடம். ஒரு காணிக்குள் சிறியதும் பெரியதுமாகப் பவளக்கல் தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன. அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்திலிருந்தே மக்கள் வாழ்ந்த, வணிகம் நடந்த இடம் என்பதற்கு மண்ணுக்கடியில் சான்று கிடைத்திருக்கிறது. பௌத்தத் தலம் என்பதிலும் பிணக்கு இல்லை. அந்தத் தூபிகள் எதற்காகக் கட்டப்பட்டன, அங்கே வழிபட்டவர்கள் யார் என்பதில்தான் ஆய்வாளருக்கும் அரசியலுக்கும் இடையே இழுபறி. தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். பலகை ஒன்று சொல்லும், கூட வருகிறவர் வேறு சொல்வார். நல்லூரில் மந்திரிமனையும் அப்படித்தான். பழைய அரசோடு அந்தக் காணிக்குத் தொடர்பு உண்டு என்பது ஊர் வழக்கு, ஆனால் இன்று நிற்கிற கட்டடம் பிற்காலத்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதன் தூண்களையும் வளைவுகளையும் பார்த்தால் உங்களுக்கே ஐரோப்பியர் கால வாடை தெரியும். சிதைந்துகொண்டிருக்கிற கட்டடம், மகனை உள்ளே ஓட விடாதீர்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் உறுதியான ஆண்டுகள் இரண்டு. அரசர் காலத்துப் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621-இல் இடித்தார்கள். இப்போதைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில் 1734-இல் தொடங்கியது. இங்கே எல்லாம் மணி அடித்தாற்போல நடக்கும், ஐந்து நிமிடம் பிந்தினால் பூசை முடிந்திருக்கும். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், மகனுக்கு முதலே சொல்லி வையுங்கள். மற்றக் கோயில்களைப் போல மதியம் நடை சாத்திவிட்டுப் பின்னேரம்தான் திறப்பார்கள். மாலைப் பூசைக்குப் போவது நல்லது. நீங்கள் வரும் மாதத்தை எழுதவில்லை. ஆடி ஆவணியில் 25 நாள் திருவிழா நடக்கும்போது கோயிலைச் சுற்றிய வீதிகளில் எந்த வண்டியும் விடமாட்டார்கள், தூரத்தில் இறங்கி வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டும். அம்மாவுக்குச் சிரமம், ஆனால் அந்தச் சனத்துக்குள் ஒருமுறை நடக்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. முடிவு உங்களுடையது. கும்பிட்டு வந்து பக்கத்தில் ரியோவில் மகனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

தீவுகளில்தான் ஏறி இறங்கும் நினைப்பையே விட்டுவிட வேண்டும். நயினாதீவுக்கு குறிகட்டுவான் இறங்குதுறைவரை பஸ்ஸிலோ வானிலோ போய் அங்கிருந்து படகு. கடலில் இருக்கும் நேரம் கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரே இருப்பதால் அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. நாகவிகாரை என்ற பௌத்தக் கோயிலுக்கு மட்டும் கொஞ்சத் தூரம். முழங்காலுக்குச் சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. படகுகள் பலவற்றில் தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து உள்ளே இறங்கித்தான் உட்கார வேண்டும். ஏறும்போது பதறாமல், "தம்பி, அம்மாவுக்குக் கால் ஏலாது" என்று படகுக்காரரிடம் முதலே சொல்லுங்கள், கை பிடித்து இறக்கி விடுவார்கள். கோயிலில் மதியம் அன்னதானம் உண்டு, சாப்பிட்டே திரும்பலாம். வார இறுதியிலும் பௌர்ணமியிலும் தென்பகுதி யாத்திரிகர் கூட்டம் மிக அதிகம், வார நடுவில் போங்கள்.

நெடுந்தீவை இந்தமுறை விட்டுவிடச் சொல்கிறேன். அங்கே காட்டுக் குதிரைகள், பாவோபாப் என்று சொல்லப்படும் பருத்த பெருக்கு மரம், சுண்ணாம்பு பூசாமல் பவளக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள் எல்லாம் இருக்கின்றன. மகனுக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும். ஆனால் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நல்ல ஆட்டம், திரும்பி வரும் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். முழங்கால் வலியுள்ளவரை வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைச் செய்யும்படி நான் சொல்ல மாட்டேன்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது என்றால், முதல் நாள் நகரமும் நல்லூரும் ஓட்டோவில். நடு நாள் நயினாதீவு. கடைசி நாள் காலை பருத்தித்துறை பஸ், அல்லது கீரிமலைப் பக்கம் வான், அன்றைக்கு அம்மாவின் காலைப் பார்த்து முடிவெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். காலை 11 மணியிலிருந்து 3 மணிவரை எங்கேயாவது நிழலில் இருங்கள். பங்குனி சித்திரை வெயில் தலையைப் பிளக்கும், சிங்கப்பூரில் ரசித்த கூரையில்லாத மேல்தட்டில் இங்கே அந்த நேரத்தில் பத்து நிமிடம் இருக்க முடியாது.

மேல்தட்டு என்றதும் மகனின் அடம் நினைவுக்கு வருகிறது. அவனுக்கு நான் ஒரு மேல்தட்டு காட்டுகிறேன். கோட்டைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டை அது. 1658-இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து மூலையாகத் திருத்திக் கட்டினார்கள். ஒவ்வொரு மூலைக் கொத்தளத்துக்கும் தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். மதிலுக்கு மேலே ஏறினால் ஒரு பக்கம் பண்ணைக் கடல், தீவுகளுக்குப் போகும் பாலம், அதில் தீப்பெட்டி அளவில் பஸ்கள். மறு பக்கம் நூலகத்தின் வெள்ளைக் கூரை, அதற்கு அப்பால் பனைகள். சுற்றி வர நடக்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மேலே தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் இல்லை, அவன் கையை விடாதீர்கள். அம்மா ஏறச் சிரமப்பட்டால் பண்ணைக் கரையில் காற்று வாங்கிக்கொண்டு இருக்கட்டும், அங்கே பின்னேரத்தில் சனம் இருக்கும், தனிமையாகத் தெரியாது. அவர் இருக்கும் இடத்தை மேலிருந்து பார்த்துக் கை காட்டச் சொல்லுங்கள். வரும் திகதி உறுதியானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வாரத்துப் படகு நேரத்தைக் குறிகட்டுவானில் கேட்டுச் சொல்கிறேன்.